காகிதமும் மருந்தும் வந்த வழி: சமர்கண்ட், புகாரா டூரில் சிவகாசிக்காரர்கள் தேட வேண்டியது என்ன?

ஒரு லட்சுமி வெடிக்குள்ளே என்னதான் இருக்கு? வீட்டில் பிரித்துப் பார்க்கும் வேலை வேண்டாம். மேலே லட்சுமி படம் அச்சடித்த தாள். அதற்குள் இறுக்கிச் சுற்றிய சணல். அதற்கும் உள்ளே காகிதம், நடுவில் மருந்து. தாளையும் மருந்தையும் எடுத்துவிட்டால் மிச்சம் சணல்தான்.

சிவகாசிக்குச் சோறு போடுவதும் இந்த இரண்டும்தான். அச்சகத்தில் காகிதம், 'பயர் ஆபீஸில்' மருந்து. (பட்டாசு ஆலையை அந்த ஊரில் யாரும் ஆலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்.) காகிதம், வெடிமருந்து இரண்டுமே சீனாவில் பிறந்தவை. அவை மேற்கே நடந்துவந்த பாதையில் உட்கார்ந்திருந்த ஊர்கள்தான் சமர்கண்டும் புகாராவும். இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கும் இந்த ஊர்களுக்கு இப்போது நம்மூர் டிராவல்ஸ்காரர்களே பேக்கேஜ் போடுகிறார்கள். நீலக் குவிமாடம், ரீல்ஸ், புலாவ், ஷாப்பிங் என ஆறேழு நாளில் முடித்துக் கூட்டிவந்துவிடுவார்கள்.

அந்த டூரை ஒரு விருதுநகர் மாவட்டத்துக்காரர் வேறு மாதிரியும் பார்க்கலாம். எப்படி?

எப்போ போகலாம், எப்படிப் போகலாம்?

இந்தியர்களுக்கு இ-விசா உண்டு, ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம். மதுரையிலிருந்து டெல்லிக்குப் பறக்கும் நேரமும், டெல்லியிலிருந்து தாஷ்கண்ட் போகும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுமார் மூன்று மணி நேரம். தாஷ்கண்டிலிருந்து சமர்கண்டுக்கு 'அஃப்ரோசியோப்' அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதே ரயில் புகாராவுக்கும் போகிறது.

சீசன்தான் சிக்கல். அங்கே நல்ல பருவம் ஏப்ரல்-மே, இல்லையென்றால் செப்டம்பர்-அக்டோபர். தீபாவளிக்கு முந்தைய அந்த இரண்டு மாதத்தில் சிவகாசிக்காரரிடம் டூர் என்று சொன்னால் அடிக்க வருவார். பங்குனிப் பொங்கலும் சித்திரைப் பொங்கலும் முடிந்த கையோடு கிளம்புவதுதான் சரிப்படும். இங்கே கரிசல் வெயில் கொளுத்தும்போது அங்கே மல்பெரி மரங்கள் துளிர்த்து நிற்கும். அந்த மரத்தைப் பற்றிக் கீழே வருகிறது.

தாஷ்கண்ட்: விருதுநகரோடு முடிச்சுப் போட்ட ஊர்

பெரும்பாலான பேக்கேஜ்களில் தாஷ்கண்டுக்கு ஒரே நாள்தான். 1966 ஏப்ரல் 26-ல் வந்த நிலநடுக்கத்தில் பழைய நகரத்தின் பெரும்பகுதி இடிந்துவிட்டதால், இப்போது இருப்பது பெரும்பாலும் சோவியத் காலத்தில் கட்டிய அகல வீதிகள். ஆனால் இங்கே லால் பகதூர் சாஸ்திரி பெயரில் ஒரு தெருவும் சிலையும் இருக்கின்றன. கைடு வண்டியை நிறுத்தாவிட்டால் கேட்டு நிறுத்தச் சொல்ல வேண்டிய இடம் இது.

1964 மே மாதம் நேரு மறைந்தபோது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் காமராஜர். எம்.பி.க்களிடம் கருத்துக் கேட்டு, போட்டியே இல்லாமல் சாஸ்திரியைப் பிரதமராகக் கொண்டுவந்தவர் அவர்தான். 1965 போருக்குப் பிறகு பாகிஸ்தானுடன் 1966 ஜனவரி 10-ல் தாஷ்கண்ட் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த நாள் அதிகாலையில் சாஸ்திரி அங்கேயே காலமானார். இருபது மாதத்துக்குள் இரண்டாவது முறையாக ஒரு பிரதமரைத் தேடும் பொறுப்பு, விருதுநகரில் பிறந்த அதே மனிதரிடம் வந்தது. ஜனவரி 24-ல் இந்திரா காந்தி பதவியேற்றார். விருதுநகரில் காமராஜர் நினைவு இல்லத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சின்ன வீடு ஞாபகம் இருக்கும். தாஷ்கண்ட் சிலைக்கு முன்னால் நிற்கும்போது அந்த வீடும் மனதில் வந்து போகும்.

'காகிதம்' என்ற சொல்லே சமர்கண்ட் வழியாகத்தான் வந்தது!

சமர்கண்ட் ஊருக்கு வெளியே சியாப் ஓடைக் கரையில் கோனிகில் என்றொரு கிராமம். அங்கே ஒரு காகிதப் பட்டறை இருக்கிறது. பழைய முறையை மீட்டெடுத்து நடத்துகிறார்கள். பல பேக்கேஜ்களில் இது 'நேரம் இருந்தால்' பட்டியலில்தான் இருக்கும். இதற்கு நேரம் ஒதுக்கச் சொல்லி முன்கூட்டியே கேட்டு வாங்குவது நல்லது. அரை நாள் கொடுத்தாலும் தகும்.

மல்பெரிக் கிளையை ஊறவைத்துப் பட்டையை உரிக்கிறார்கள். மேல்தோலைச் சுரண்டிவிட்டு உள்பட்டையை மணிக்கணக்கில் வேகவைக்கிறார்கள். வெந்த நாரை, ஓடைத் தண்ணீர் சுற்றும் சக்கரத்தோடு இணைத்த மர உலக்கைகள் இடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கூழைத் தொட்டியில் கரைத்து, சல்லடைச் சட்டத்தால் அள்ளினால் ஒரு தாள். அழுத்திப் பிழிந்து, காயவைத்து, கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். பேனா மை ஊறாமல் ஓடுவதற்காகத்தான் இந்த மெருகு. உலகத்திலேயே நல்ல காகிதம் சமர்கண்டில்தான் கிடைக்கிறது என்று பாபரே தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

இங்கே கைடுகள் தவறாமல் ஒரு கதை சொல்வார்கள். 751-ல் தலாஸ் ஆற்றங்கரையில் அரபுப் படைக்கும் சீனப் படைக்கும் நடந்த சண்டையில் பிடிபட்ட சீனக் கைதிகள்தான் சமர்கண்டுக்குக் காகிதத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்கள் என்பது அந்தக் கதை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆய்வாளர்கள் பலர் இதை அப்படியே ஏற்பதில்லை. காரணம், சமர்கண்ட் பகுதி வணிகர்களான சோக்தியர்கள் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் கடிதம் எழுதியிருக்கிறார்கள். சீனாவின் துன்ஹுவாங் அருகே 1907-ல் கிடைத்த அந்தக் கடிதங்களில் ஒன்று சமர்கண்டுக்கே முகவரியிட்டது. போர்க் கைதிகள் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்னாலேயே வியாபாரிகளின் மூட்டையில் காகிதம் வந்துவிட்டது.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தமிழில் 'காகிதம்' என்கிறோமே, அது பாரசீகத்தின் 'காகஸ்' வழியில் வந்த சொல். அந்தப் பாரசீகச் சொல்லின் வேரைச் சோக்திய மொழியில் காட்டுகிறார்கள் மொழியியலாளர்கள். சோக்தியம் என்பது சமர்கண்டின் பழைய தாய்மொழி. சிவகாசி அச்சகத்தில் 'காகிதக் கட்டை இறக்கு' என்று குரல் கொடுப்பவர், தெரியாமலே சமர்கண்ட் சந்தையின் ஒரு சொல்லைத்தான் சொல்கிறார்.

அதென்ன 'மருந்து'?

பட்டாசுத் தொழிலில் வெடிக்கும் பொடிக்கு மருந்து என்றுதான் பெயர். மருந்து கலக்கிற அறை, மருந்து செலுத்துகிற அறை என்றுதான் பேச்சு. உயிரை எடுக்கக்கூடிய பொருளுக்கு ஏன் மருந்து என்று பெயர்?

சீன மொழியிலும் அதேதான். வெடிமருந்துக்கு அவர்கள் சொல்லும் 'ஹுவோ யாவ்' என்றால் நெருப்பு மருந்து. சுமார் 9-ம் நூற்றாண்டில், சாகாவரம் தரும் மருந்தைத் தேடிய சீன ரசவாதிகள் வெடியுப்பு, கந்தகம், கரிப்பொருள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் இது பற்றிக்கொண்டது. பாரசீகத்தில் மருந்தைக் குறிக்கும் 'தாரு' என்ற சொல் வெடிமருந்தையும் குறித்தது. வெடியுப்புக்கு அரபியில் 'சீனப் பனி' என்றும் பாரசீகத்தில் 'சீன உப்பு' என்றும் பெயர் வைத்தார்கள். பெயர்களே வந்த வழியைச் சொல்லிவிடுகின்றன.

1220-ல் செங்கிஸ்கான் புகாராவையும் சமர்கண்டையும் அடுத்தடுத்து அழித்தார். மங்கோலியப் படைகளோடு சீன முற்றுகைத் தொழில்நுட்பமும் மேற்கே வந்தது. 13-ம் நூற்றாண்டில் மங்கோலியர் வழியாகத்தான் வெடிமருந்து மத்திய ஆசியாவுக்கும் பிறகு டெல்லி சுல்தானகத்துக்கும் வந்தது என்பது வரலாற்றாய்வாளர் இக்திதார் ஆலம் கானின் வாதம். தென்னிந்தியாவுக்குக் கடல் வழியாகவும் வந்திருக்கலாம். சீனக் கப்பல்கள் நம் கரைக்கு வராதவை அல்ல.

இதில் அசத்தலான ஒரு சாட்சி இருக்கிறார். அப்துர் ரசாக் சமர்கண்டி. பிறந்தது ஹெராத்தில், பெயரில் ஒட்டிக்கொண்டது சமர்கண்ட். தைமூரின் மகன் ஷாருக் இவரைத் தென்னிந்தியாவுக்குத் தூதராக அனுப்பினார். கோழிக்கோட்டில் இறங்கி, 1443-ல் விஜயநகரம் போனார். இரண்டாம் தேவராயர் காலத்து மகாநவமி விழாவைப் பார்த்துவிட்டு அவர் எழுதிவைத்த குறிப்பில், அங்கு விட்ட வாணவேடிக்கைகளும் வருகின்றன. இந்தியாவில் வாணவேடிக்கையின் வரலாற்றை எழுதுபவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் பழைய சான்றுகளில் அது ஒன்று. நம் பக்கத்து விழாவின் வெடிச் சத்தத்தைக் குறித்துவைத்தது ஒரு மத்திய ஆசியக்காரரின் பேனா!

அதற்குப் பிறகு சிவகாசிக்கு மருந்து வந்துசேர இன்னும் நெடுங்காலம் ஆனது. மழை பொய்த்த கரிசல் பூமி. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அப்படித்தான் அச்சுத் தொழில் வளர்ந்தது. 1940-களில் உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் வந்தன. பட்டுப்பாதையில் பல நூற்றாண்டு இடைவெளியில் நடந்துபோன காகிதமும் மருந்தும் ஒரே ஊரில், முப்பது ஆண்டுக்குள் சேர்ந்துவிட்டன.

வானத்தை அளந்த அரசன், காலண்டர் அடிக்கும் ஊர்

சமர்கண்டில் எல்லோரும் பார்ப்பது ரெகிஸ்தான் சதுக்கம். மூன்று மதரசாக்கள் மூன்று பக்கம் நிற்கும். அதில் பழையது, 1420-ல் கட்டி முடித்த உலுக் பெக் மதரசா. மற்ற இரண்டும் 17-ம் நூற்றாண்டு. பிரமிக்க வைக்கும் இடம், சந்தேகமில்லை. ஆனால் ஆட்டோ பிடித்தாவது போக வேண்டிய இடம், உலுக் பெக்கின் வானாய்வுக்கூடம்.

தைமூரின் பேரன் இவர். மேலே சொன்ன ஷாருக்கின் மகன். ஆட்சி செய்ததைவிட வானம் பார்த்ததில்தான் பெயர் வாங்கினார். 1,018 நட்சத்திரங்களின் இருப்பிடத்தைப் பட்டியல் போட்டார். நட்சத்திரங்களை வைத்து ஓர் ஆண்டின் நீளத்தை 365 நாள் 6 மணி 10 நிமிடம் 8 விநாடி என்று கணக்கிட்டார். இன்றைய அளவோடு ஒப்பிட்டால் ஒரு நிமிடத்துக்கும் குறைவான பிழை. தொலைநோக்கி கண்டுபிடிப்பதற்கு முன்னால் இது! ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரைக் கட்டிய ஜெய் சிங் கையில் வைத்திருந்ததும் இவருடைய அட்டவணைதான். 1449-ல் சொந்த மகனின் சதியால் கொல்லப்பட்டார். கூடம் இடிந்து மண்மூடி, 1908-ல்தான் தோண்டி எடுத்தார்கள். மலையைக் குடைந்து இறக்கிய பெரிய வளைவின் கீழ்ப்பகுதி மட்டும் மிச்சம்.

தமிழ் ஆண்டும் நட்சத்திரக் கணக்குதான். சூரிய சித்தாந்தப்படி 365 நாள் 6 மணி 12 நிமிடம் 36 விநாடி. அந்தக் கணக்கில் வரும் நாள், திதி, ராகு காலம் எல்லாவற்றையும் தாள் தாளாக அச்சடித்து வீடுவீடாக அனுப்புவது சிவகாசி. ஒவ்வொரு ஆடிப்பெருக்கன்றும் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பம் அங்கே வெளியாகும். உலுக் பெக் சிவகாசிக்கு வந்திருந்தால் ஆடி 18-ல்தான் வந்திருப்பார்.

புகாராவும் பேட்டையும்

புகாராவில் 1127-ல் கட்டிய கல்யான் ஸ்தூபி சுமார் 46 மீட்டர் உயரம். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். ஆனால் விருதுநகர்க்காரருக்கு இந்த ஊர் பழகியதுபோலத் தோன்றப்போவது அதனால் அல்ல, கடைவீதியால்.

சாலைகள் சந்திக்கும் இடங்களில் குவிமாடம் போட்ட சந்தைகள். ஒன்று தொப்பிக்காரர்களுக்கு. ஒன்று 'சர்கரோன்', பொற்கொல்லர்களுக்கு. 'சர்' என்றால் பொன், நம் ஜரிகையில் இருப்பதும் அதே பொன்தான். இன்னொன்று 'சர்ரஃபோன்', காசு மாற்றுபவர்களுக்கு. பழைய தமிழில் நாணயம் மாற்றுபவரைச் சராப் என்றது இதே சொல். முல்தான், ஷிகார்பூர் பக்கத்து இந்திய வணிகர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாகத் தங்கி வட்டிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் இருந்தது கேரவன்சராய் எனும் விடுதிகளில். நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், ஒரே ஒரு பெரிய வாசல். இரவானால் ஒட்டகம், சரக்கு, மனிதர் எல்லாம் உள்ளே. கதவு சாத்தினால் திருடனுக்கு வழியில்லை.

இதற்கு விருதுநகர் பக்கத்தில் பெயர் 'பேட்டை'. 19-ம் நூற்றாண்டில் தெற்கேயிருந்து வந்த நாடார் வணிகர்கள் வழிப்பறிக்குப் பயந்து வண்டி வண்டியாகச் சேர்ந்துதான் பயணம் போனார்கள். இறங்கிய ஊர்களில் மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தார்கள். மாடும் வண்டியும் சரக்கும் உள்ளே. விருதுபட்டி என்ற இன்றைய விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி என்று ஆறு ஊர்கள் இப்படி வளர்ந்ததை அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-ல் வந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

மதில் திருடர்களுக்காக மட்டும் அல்ல. கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்ட சமூகம் அது. அந்தப் பகை முற்றி 1899 ஜூனில் சிவகாசி தாக்கப்பட்டது. வரும் சரக்குக்கு இவ்வளவு என்று தங்களுக்குள்ளேயே வசூலித்த 'மகமை'ப் பணம் பேட்டையைக் காத்தது, கிணறு வெட்டியது, பள்ளி கட்டியது. அப்படி ஊர்ப் பணத்திலும் வீட்டுக்கு வீடு வாங்கிய பிடி அரிசியிலும் நடந்த சத்திரிய வித்யாசாலாவில்தான் காமராஜர் படித்தார். புகாராவின் மதரசாக்கள் பலவற்றைக் கட்டியது அமீர்களும் அமைச்சர்களும். விருதுநகர் பள்ளியைக் கட்டியது மிளகாய் வத்தல் மூட்டை.

புகாராவின் நடுவில் லாபி ஹவுஸ் என்ற குளம். 1620-ல் வெட்டியது. சுற்றிலும் படிக்கட்டு, கரையில் பழைய மல்பெரி மரங்கள், டீக்கடைகள். விருதுநகர் தெப்பக்குளத்தையும் அதைச் சுற்றிய பஜாரையும் அறிந்தவருக்கு அங்கே உட்கார்ந்தால் ஊர் ஞாபகம் வராமல் இருக்காது. பொரிச்ச பரோட்டா மட்டும் கிடைக்காது. தந்தூரில் சுட்ட 'சம்சா' கிடைக்கும், நம் சமோசாவின் சொந்தக்காரர்.

நாள் மிச்சமிருந்தால் கிவா. மண் மதிலுக்குள் முழு ஊரும் அப்படியே இருக்கிறது. அல்காரிதம் என்ற சொல்லுக்குக் காரணமான அல் குவாரிஸ்மி இந்தக் குவாரஸ்ம் பகுதிக்காரர். அங்கே அவருக்குச் சிலை உண்டு. கோடிங் வேலை பார்ப்பவர்கள் ஒரு செல்ஃபி எடுக்கலாம்.

கைடு சொல்லாமல் விடுவது

தைமூரின் கல்லறையைத் திறந்த சாபக் கதையைக் கைடு கண்டிப்பாகச் சொல்வார். தில்லா காரி மதரசாவின் நீலக் குவிமாடம் 20-ம் நூற்றாண்டில் சோவியத் காலத்தில் எழுப்பியது என்பதைச் சொல்ல மறந்துவிடலாம். பீபி கானம் மசூதியைத் 'தைமூர் கட்டினார்' என்பார். கல் உடைத்தவர்களில் 1398-ல் டெல்லியைச் சூறையாடிப் பிடித்துப்போன கல்தச்சர்களும் உண்டு, கல் இழுத்தது இங்கிருந்து ஓட்டிப்போன யானைகள். இதைக் கேட்டால்தான் சொல்வார்.

தைமூர் பிறந்த ஊர்ப்பக்கமான ஷக்ரிசப்ஸில் நடந்தது இன்னும் சமீபம். சுற்றுலாவுக்காகப் பூங்காவும் அகலப் பாதையும் போடப் பழைய குடியிருப்புகளை இடித்தார்கள். நினைவுச் சின்னங்கள் தனியாக நிற்க, அவற்றைச் சுற்றி வாழ்ந்த மக்கள் காணாமல் போனார்கள். 2016-ல் யுனெஸ்கோ அதை ஆபத்திலுள்ள பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்த்தது.

விருதுநகர் மாவட்டத்தைச் சுற்றிக்காட்டும் டூர்களிலும் இதே குறை உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம், காமராஜர் இல்லம், கடைசியில் சிவகாசியில் பட்டாசு ஷாப்பிங். வைப்பாற்றுக் கரையில் வெம்பக்கோட்டை இருக்கிறது. 2022-லிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டி சங்கு வளையல்களையும் மணிகளையும் எடுத்திருக்கிறது. கைவினையும் வணிகமும் பேட்டைக்கு வெகுகாலம் முன்பே இருந்த மண் என்று அது சொல்கிறது. அதே வெம்பக்கோட்டை வட்டாரத்தில்தான் இன்று பட்டாசு ஆலைகள் வரிசையாக இருக்கின்றன.

அந்த ஆலைகளுக்குள் டூர் போக முடியாது. வெடிபொருள் விதிகள் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. உள்ளே இருப்பவர்கள் வெளியே தெரிவது விபத்து நடந்த நாளில் மட்டும்தான். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு, வேலை நாள் எத்தனை கிடைக்கும் என்பதே பலருக்குக் கேள்வியாகிவிட்டது. கோனிகில் பட்டறையில் பட்டை உரிப்பவரின் கையை எல்லோரும் வீடியோ எடுக்கிறார்கள். குழாய் சுற்றும் சிவகாசிப் பெண்ணின் கை எந்த டூர் வீடியோவிலும் இல்லை.

கடைசியாக, பெட்டி கட்டும் விஷயம். பட்டாசு, மத்தாப்பு, தீப்பெட்டி எதுவும் விமானத்தில் ஏறாது. ஊர்ப் பெருமைக்காக ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பை எடுத்துப்போய் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். தினசரி காலண்டர் ஒன்றைத் தாராளமாகக் கொண்டுபோகலாம். கோனிகிலில் கொடுத்தால், அவர்கள் எழுத்தைப் பார்க்கப்போவதில்லை, தாளைத்தான் இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். திரும்பும்போது அங்கே வாங்கும் மல்பெரித் தாளை மடிக்காமல் சுருட்டி எடுத்துவர ஓர் அட்டைக் குழாய் வேண்டும். அதற்கா சிவகாசியில் பஞ்சம்?